ஒரு ஜோடி டிரை க்ளவுஸ் வாங்கிய கதை

போன தடவை காஸ்ட் அக்கவுண்டிங் பற்றி மூக்கால் அழுது எழுதியதைப் படித்துவிட்டு, "இதுக்கு நீ கடலுக்கடியில போற கதையவே எழுதலாம்" என்று பிளஸ் டூ தோழி ஒருத்தி சொன்னாள். சரி, எழுதிவிட்டேன். ஆனால் மீன், ஆக்டோபஸ் எல்லாம் இதில் அதிகம் வராது. கைதான் வரும். கை, மணிக்கட்டு, மணிக்கட்டில் மாட்டுகிற ரப்பர், அவ்வளவுதான். பொறுமை இருப்பவர்கள் மேலே படிக்கவும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சொந்த ஊர் தூத்துக்குடி. பி.காம். படிக்க வந்தது கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிற வான்கூவர். இங்கே வந்த இரண்டாம் வருடம் பல்கலைக்கழக டைவிங் கிளப்பில் சேர்ந்து ஸ்கூபா பழகினேன். எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் வெறும் கையோடு இறங்குவார்கள். அந்தத் தண்ணீர் 28 டிகிரி பக்கம் இருக்கும். இங்கே ஹவ் சவுண்ட் என்று மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து கிடக்கிறது. கோடையில் மேல்தண்ணீர் கொஞ்சம் சூடாகும், கீழே போனால் எப்போதும் 8 டிகிரியை ஒட்டித்தான். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த 25 என்ற எண் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அர்த்தம் புரிந்தது போன ஜனவரியில்.

அதற்கு முன் டிரைசூட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே துண்டான மழைக்கோட்டு மாதிரி இருக்கும். உள்ளே கம்பளி உடுப்பு போட்டுக்கொண்டு, அதன் மேல் இதை மாட்டி, தண்ணீர் புகாத ஜிப்பை இழுத்து மூடிவிட்டால் உள்ளே ஒரு சொட்டு வராது. திறந்திருக்கிற வாசல் மூன்றுதான். கழுத்து ஒன்று, மணிக்கட்டு இரண்டு. அந்த மூன்றிலும் இறுக்கமான ரப்பர் சீல் இருக்கும். ஆக உடம்பு உள்ளே, தலையும் கையும் வெளியே. தலைக்கு தடிமனான தொப்பி. கைக்கு, என்னைப் போன்ற ஏழை மாணவிகள், 5 மி.மீ. நியோப்ரீன் கையுறை மாட்டுவோம். இதற்குள் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் கைச்சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். 20 நிமிடம் வரை பிரச்சினை இல்லை.

ஜனவரியில் வைட்கிளிஃப் பார்க்கில் இறங்கினோம். 1993-இல் கடல்வாழ் உயிரினங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த இடம். கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம், படகுச் செலவு கிடையாது என்பதால் மாணவர் கூட்டம் அங்கேதான் போகும். என்னோடு வந்தவர் சிவில் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு சீனியர். 18 மீட்டரில் அரைமணி நேரம் சுற்றினோம். முதலில் விரல் நுனி வலித்தது. அப்புறம் வலி நின்றது. "பழகிருச்சு போல" என்று நான் சந்தோஷப்பட்டேன். மடத்தனம். வலி நின்றால் உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம்.

மேலே வரும்போதுதான் தெரிந்தது. டிரைசூட்டுக்குள் காற்று இருக்கும். மேலே ஏற ஏற அது விரியும். விரிகிற காற்று வெளியேற இடது கையின் மேல்பக்கம் ஒரு வால்வு இருக்கிறது. குளிருக்காக உள்ளே கொஞ்சம் கூடுதலாகக் காற்று நிற்கட்டும் என்று நான் அதைக் கீழே வைத்து பாதி மூடியிருந்தேன். இப்போது வலது கையால் அதைத் திருகித் திறக்க வேண்டும். விரல் அதன் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. திருகுகிறேனா இல்லையா என்பது தெரியவில்லை. அதற்குள் சூட் ஊத ஆரம்பித்து என்னை மேலே இழுக்கிறது. சீனியர் என் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து, வால்வை அவரே திறந்துவிட்டார். எல்லாம் பத்து விநாடிதான் இருக்கும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிற வழக்கமான நிறுத்தத்தை அவர் பிடியிலேயே முடித்தேன்.

கரைக்கு வந்தபின் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரில் சீட் பெல்ட் கொக்கியை அவர்தான் போட்டுவிட்டார். கைக்கு ரத்தம் திரும்பி வரும்போது ஒரு வலி வரும் பாருங்கள், கதவிடுக்கில் விரல் மாட்டினாற்போல. அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்றைக்கு ராத்திரியே டிரை க்ளவுஸ் வாங்குவது என்று முடிவு. அதாவது தண்ணீரே புகாத கையுறை. உள்ளே கம்பளி, வெளியே வழவழ ரப்பர், மணிக்கட்டில் டிரைசூட்டோடு பூட்டிக்கொள்கிற வளையம். விலையைப் பார்த்தேன், ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டியது. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவள் அவசரப்பட்டு வாங்கலாமா? இரண்டு மாதம் கிளப்பில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஆராய்ச்சி செய்தேன். (சிரிக்காதீங்க, நிஜமாகவே கையைத்தான் பார்த்தேன்.)

ஆராய்ச்சியில் முதலில் தெரிந்தது, கையுறையைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் பின்னால் இருக்கிற சீலைப் பார்க்க வேண்டும் என்பது.

சின்ன வயதில் பாட்டி எனக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிடும்போது கையில் சோப்பு தடவுவாள். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பு நொறுங்குகிற மாதிரி அமுக்கி, ஒரே தள்ளு. வளையலுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கையைத் தாண்ட வேண்டும் என்றால் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கியே ஆக வேண்டும். மணிக்கட்டு சீலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கையைத் தாண்டவும் வேண்டும், தாண்டியபின் மணிக்கட்டைக் கவ்வவும் வேண்டும். அதனால்தான் ரப்பர். லேட்டக்ஸ் சீல் போடும்போது இன்றைக்கும் சோப்புத் தண்ணீர் தடவுகிறவர்கள் உண்டு, டால்கம் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. பாட்டியை நினைத்துக்கொள்வேன்.

சீலில் மூன்று ரகம். நியோப்ரீன் தடிமன், சூடு, சீக்கிரம் கிழியாது, கிழிந்தாலும் ஒட்டலாம். ஆனால் அவ்வளவாக வளைந்து கொடுக்காது. என் மாதிரி ஒல்லி மணிக்கட்டுக்கு (வளையல் அளவு 2-4) அது சரிப்படாது. உங்கள் கையை ஒரு தடவை இறுக்கி முஷ்டி பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு கயிறு மாதிரி புடைக்கும். நாம் நரம்பு என்று சொல்வோம், உண்மையில் தசைநாண். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் விழுகிறது இல்லையா, அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். டார்ச்சை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு ஈரம். ஒல்லியானவர்களுக்கு இந்த வாய்க்கால் ஆழம். இதற்கு மருந்து, சீலை மணிக்கட்டு எலும்பு முட்டுக்கு மேலே, முன்கைப் பக்கமாக ஏற்றிப் போடுவது. அங்கே கை உருண்டையாக இருக்கும், வாய்க்கால் இருக்காது. இது தெரியாமல் ஆறு மாதம் "என் சூட் ஒழுகுது" என்று புலம்பியிருக்கிறேன்.

லேட்டக்ஸ் நன்றாக நீளும், தோலோடு ஒட்டும். புதிதாக வரும்போது கூம்பு மாதிரி இருக்கும். நமக்கு வேண்டிய அளவுக்குக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கோடாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு கோடு கூடுதலாக வெட்டினால் போச்சு, திரும்ப ஒட்ட முடியாது. அந்தப் பயத்தில் வெட்டாமலே விட்டால் இன்னொரு வினை. இறுக்கமான சீல் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், கை இன்னும் சீக்கிரம் விரைக்கும். எந்தக் கையுறை போட்டாலும் பயன் இல்லை. சீலைக் கழற்றியபின் மணிக்கட்டில் கோடு விழுந்திருக்கலாம், ஆனால் தண்ணீருக்கு வெளியே போட்டுக்கொண்டு நிற்கும்போதே விரல் மரத்தால், கை ஊதா நிறமானால், இன்னும் வெட்ட வேண்டும்.

லேட்டக்ஸுக்கு வெயில் ஆகாது, காற்றிலிருக்கிற ஓசோன் ஆகாது, சன்ஸ்கிரீன் எண்ணெய் ஆகாது. ஒன்றிரண்டு வருடத்தில் பிசுபிசுக்கும் அல்லது வெடிப்பு விடும். நம் பாடத்தில் தேய்மானத்துக்கு நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு படிக்கிறோமே, லேட்டக்ஸ் சீல் இரண்டிலும் வராது. கடைசி நாள் காலை வரை முழு மதிப்பு, அன்றைக்கு மத்தியானம் பூஜ்யம். என்னுடையது அப்படித்தான் பார்க்கிங்கில் நின்று கை நுழைக்கும்போது டப்பென்று கிழிந்தது. மற்ற மூன்று பேர் கடலுக்குப் போக, நான் காரில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றேன். பழைய சூட், சீல் நேரடியாக ஒட்டப்பட்டது. கடையில் கொடுத்து மாற்ற ஒன்பது நாள் ஆனது.

மூன்றாவது சிலிக்கான். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுதான் கதி, எங்கள் சீனியர் அந்த ரகம். நன்றாக நீளும், வெயிலில் லேட்டக்ஸ் மாதிரி மக்காது. குறை என்னவென்றால் ஒரு சின்னக் கீறல் போதும், பிளந்துகொண்டே போகும். நகம் வளர்க்கிற ஆசையை அன்றோடு விட்டேன். இன்னொன்று, டிரைசூட்டுக்குப் போடுகிற பசை எதுவும் சிலிக்கானில் ஒட்டாது. அதனால் அதைச் சூட்டில் நேரடியாக ஒட்ட முடியாது. கைமுனையில் ஒரு வளையம் பொருத்தி, அதில் இறுக்கிப் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். முதலில் இது தொல்லை என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் இதுதான் லாபம். வளையம் இருந்தால் கிழிந்த சீலைப் பார்க்கிங்கிலேயே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். டிரை க்ளவுஸுக்கும் எப்படியும் வளையம் வேண்டும். ஒரே செலவில் இரண்டு வேலை.

வளையத்தில் பல ஜாதி. ஸ்வீடன் கம்பெனியான சைடெக்கினுடையது பிளாஸ்டிக், அதில் மணிக்கட்டு மாதிரியே நீள்வட்டமாக வருகிற ஒன்றும் உண்டு. கூபி என்பது அலுமினியம். சில வளையம் திருகிப் பூட்டுவது, சில நேராகத் தள்ளினால் கவ்விக்கொள்வது. எது நல்லது என்று கேட்டால் கிளப்பில் அடிதடியே நடக்கும். நான் பார்த்த பரீட்சை ஒன்றுதான். இரண்டாவது கையை நானே பூட்ட முடிகிறதா? முதல் கையுறையை வெறும் கையால் பூட்டிவிடலாம். இரண்டாவதைப் பூட்டுவது ஏற்கனவே கையுறை போட்ட, தடித்த, வழுக்குகிற கை. கடையில் எல்லாமே சுலபமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அங்கே கடைக்காரர் பிடித்துக்கொள்கிறார். ஒரு கடையில் திருகுகிற ரகம் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். "பார்ட்னர் உதவுவாரே" என்றார்கள். பார்ட்னருக்கும் அதே மாதிரி கையுறை போட்டுவிட்டால் யார் யாருக்கு உதவுவது? கடைசியில் தள்ளிப் பூட்டுகிற நீள்வட்ட வளையம் வாங்கினேன். ரொம்பப் பெரிய வளையம் என்றால் டாங்க் பட்டைக்குள் கை நுழையாது, அதையும் பார்த்துக்கொண்டேன்.

வெளிக் கையுறைக்கு டைவிங் கடைக்கே போக வேண்டாம். மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர்கள் போடுகிற பி.வி.சி. கையுறைதான். ஷோவா என்ற ஜப்பான் கம்பெனியுடையதை இங்கே நிறைய டைவர்கள் போடுகிறார்கள். உள்ளே கம்பளி போக வேண்டும் என்பதால் ஒரு அளவு பெரியதாக எடுக்க வேண்டும். ஓட்டையானால் கையுறையை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு வளையத்தை வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஆராய்ச்சி செய்தவள் முதல் டைவிலேயே சொதப்பினேன். கையுறைக்கும் சூட்டுக்கும் நடுவே சீல் இருக்கிறது. கரையில் பூட்டும்போது கையுறைக்குள் எவ்வளவு காற்று இருந்ததோ அவ்வளவுதான். 10 மீட்டரில் அது பாதியாகும், 20 மீட்டரில் மூன்றில் ஒன்று. சூட்டுக்குள் நாம் காற்று சேர்த்துக்கொண்டே இறங்குகிறோம், கையுறைக்கு யார் சேர்ப்பது? 12 மீட்டர் தாண்டியதும் ரப்பர் சுருங்கிக் கையைக் கவ்வ ஆரம்பித்தது. உள்ளே கம்பளி அப்பளம் மாதிரி நசுங்கி, சூடும் போனது. வெளியே வந்து பார்த்தால் புறங்கையில் மடிப்பு மடிப்பாகச் சிவப்புக் கோடு. இரண்டு நாள் இருந்தது. வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, கையில என்னட்டி கோடு? யாரும் அடிச்சாங்களா?"

"இல்லம்மா, க்ளவுஸ் புடிச்சிருச்சு."

"க்ளவுஸ் எப்படிட்டி புடிக்கும்? பொய் சொல்லாத."

பாயில் விதியை அம்மாவுக்கு விளக்கப் போய் முக்கால் மணி நேரம் ஆனது. நம்பினாளா என்பது இன்றைக்கும் சந்தேகம்தான்.

தீர்வு சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னது. சீலுக்கு அடியில் ஒரு துண்டு எலாஸ்டிக் கயிறோ, மெல்லிய குழாயோ, ஸ்ட்ராவோ வைக்க வேண்டும். அந்த இடுக்கு வழியாகச் சூட்டிலிருந்து காற்று கையுறைக்குப் போகும். இறங்கும்போது அவ்வப்போது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் போதும், காற்று தானாக ஏறும். மேலே வரும்போது அதே வழியில் திரும்பும். நான் உள் கையுறையின் கம்பளி நூலில் நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, சீலுக்கு அடியில் விடுகிறேன். குழாயைவிட மெதுவாகத்தான் காற்று போகும். நான் ஏன் வேகமான குழாயை எடுக்கவில்லை என்பது அடுத்த பாராவில்.

"அப்ப சீலே வேண்டாமே, கழற்றிடலாமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படியும் அமைப்புகள் இருக்கின்றன. சீலை எடுத்துவிட்டு அதே இடத்தில் கையுறையைப் பூட்டினால் சூட்டும் கையுறையும் ஒரே அறை. கை நசுங்காது, மணிக்கட்டில் இறுக்கம் இல்லாததால் ரத்தம் நன்றாக ஓடும், கை இன்னும் சூடாக இருக்கும். இதெல்லாம் உண்மை. சீனியர் முதலில் அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு நாள் 20 மீட்டருக்குக் கீழே ஒரு கையுறை எதிலோ மாட்டி வளையத்திலிருந்து கழன்றுவிட்டது. கையைத் தூக்கினால் சூட்டிலிருக்கிற காற்று குபுகுபுவென்று வெளியேறுகிறது, தாழ்த்தினால் தண்ணீர் அக்குள் வரை, அப்புறம் வயிறு வரை. காற்று போனதால் மிதப்பும் போனது. உள்ளே இருக்கிற தண்ணீர் கடலுக்குள் இருக்கிறவரை கனமே தெரியாது. கரையேறும்போதுதான் ஆளை அழுத்தும். வெளியே வந்து ஒரு மணி நேரம் அவருக்குப் பல் தந்தியடித்ததாம்.

கிளப்பில் எல்லோரும் கேட்பது "எது ரொம்பச் சூடு?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சீனியர் கதையைக் கேட்டபின் கேள்வியை மாற்றிக்கொண்டேன். இது ஓட்டையானால் என் கதி என்ன? அப்படிக் கேட்டதும் சீல் உள்ளே இருக்க வேண்டும், காற்று வழி இருக்க வேண்டும் ஆனால் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று எல்லாமே தானாக முடிவாகிவிட்டது. நூல் மெதுவாகக் காற்று விடும் என்றால் தண்ணீரையும் மெதுவாகத்தான் விடும்.

ஜூனில் அது நடந்தது. வைட்கிளிஃபிலேயே, 14 மீட்டரில், அலை இழுக்க நான் பாறையில் கை ஊன்றினேன். (ஊன்றக் கூடாது. அங்கே எதையும் தொடக் கூடாது. தெரியும்.) பாறையெங்கும் கொட்டலசு. இடது நடுவிரலில் ஒரு கிழிசல். கையுறைக்குள் ஐஸ் தண்ணீர் நிரம்ப ஐந்து விநாடி ஆகியிருக்கும். நான் காத்திருந்தது சூட்டுக் கைக்குள் வருகிறதா என்று. வரவில்லை. முன்கையில் ஈரம் கசிவது தெரிந்தது, அவ்வளவுதான். சீனியருக்குக் கையைக் காட்டினேன், திரும்பினோம். மேலே வந்து கரை சேர 15 நிமிடம். இடது கை பழைய கதை மாதிரி விரைத்துப்போனது. வலது கை காய்ந்து சூடாக இருந்தது. 5 மீட்டரில் நின்றுகொண்டு அந்த வலது கையால் வால்வை நானே திருகினேன். ஒரு சுற்று மூடி, மறுபடி ஒரு சுற்று திறந்து பார்த்தேன். தேவையே இல்லைதான், சும்மா. :-)

வெளியே வந்து கழற்றினால் கம்பளிச் சட்டையின் கைமுனையில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் ஈரம்.

இப்போது கிளம்புவதற்கு முன் செய்கிற சில வேலைகள் பழக்கமாகிவிட்டன. வளையத்தின் ஓ-ரிங்கில் தலைமுடியோ கம்பளி இழையோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன், ஒரே ஒரு முடி போதும் ஒழுகுவதற்கு. கரையில் முட்டளவுத் தண்ணீரில் நின்று, சூட்டில் கொஞ்சம் காற்று விட்டு, இரண்டு கையையும் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். பையில் ஒரு உபரி சிலிக்கான் சீல், ஒரு உபரிக் கையுறை. வால்வை இப்போதெல்லாம் பாதி மூடி வைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமென்றால் உள்ளே ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்கிறேன்.

பழைய 5 மி.மீ. நியோப்ரீன் ஜோடியும் பையின் அடியில் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். வளையம் பூட்ட முடியாத நாள் ஒன்று வந்தால் 20 நிமிட டைவுக்கு ஆகும் என்று திரும்ப உள்ளே போட்டுவிட்டேன்.

வரும் சனிக்கிழமை மறுபடி வைட்கிளிஃப். செவ்வாய்க்கிழமை காஸ்ட் அக்கவுண்டிங் இடைத்தேர்வு. அம்மாவிடம் இரண்டாவதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.